உள்ளளவா, வெளியளவா?

போன மாதம் எங்கள் வீட்டுச் சமையலறையில் ஃபிரிட்ஜ் நிற்பதற்கென்று பிளைவுட்டில் ஒரு கூடு அடித்தோம். ஃபிரிட்ஜின் அகலம் 60 சென்டிமீட்டர். பக்கத்துக்கு ஒரு சென்டி இடம் விட்டு 62 இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். மகளின் கணக்கு நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, பெட்டி மாதிரி ஒரு படம் போட்டு, தலையில் 62 என்று எழுதி, ஆசாரிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பத்து நாளில் கூடு வந்து இறங்கியது. நல்ல வேலைப்பாடு, ஓரமெல்லாம் வழுவழுவென்று இருந்தது. ஃபிரிட்ஜ் மட்டும் உள்ளே போகவில்லை. டேப்பை வைத்து உள்ளே அளந்தால் 58.4. வெளியே அளந்தால் கச்சிதமாக 62. பிளைவுட்டின் கனம் 18 மில்லிமீட்டர், இரண்டு பக்கமும் சேர்த்து 36. அவ்வளவுதான் விஷயம். நான் சத்தம் போட்டேன். ஃபிரிட்ஜ் வைக்கத்தானே சொன்னேன், இது கூடவா தெரியாது என்றெல்லாம் பேசினேன். அவர் பதிலுக்குக் கோபப்படவில்லை. போனை எடுத்து என் படத்தை விரலால் பெரிதாக்கிக் காட்டி, "உள்ளளவுன்னு நீங்க போடலைங்களே" என்றார்.

அவர் போன பிறகு மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஆபீஸ்ல நாள் முழுக்க இந்தப் படத்தைத்தானே பார்த்துட்டு இருக்கீங்க?" ஆமாம், அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கோயம்புத்தூரில் பம்பு செய்கிற ஒரு கம்பெனியில் வார்ப்புகளைச் சரிபார்க்கும் வேலை. மேஜையில் ஒரு பக்கம் டிராயிங், இன்னொரு பக்கம் வெர்னியர், நடுவில் நான். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இதே பிழைப்பு. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பிளைவுட் செலவு ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உறுத்தியது வேறு. இதே தப்புக்காக எனக்குப் பதினாறு வயதில் ஒருவர் மூன்று சோப்புக் கட்டிகளைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

டூ ஹெச் சார்

பத்தாம் வகுப்பில் மார்க் குறைந்தால் தொழிற்கல்வி குரூப்பில் தள்ளுவார்கள். எங்கள் காலத்தில் அதை யாரும் ஒளித்துப் பேசவில்லை. நான் சேர்ந்தது 1991-ல். பிளஸ் டூ வந்த 1978-லேயே தொழிற்கல்விப் பிரிவும் வந்துவிட்டது. அப்படியும் எங்கள் ஊரில் அதற்கு ஒரு மரியாதை வந்து சேரவில்லை. "என்ன குரூப் கண்ணு?" என்று கேட்பார்கள். "வொகேஷனல்" என்றால், "ஓ, வொகேஷனலா" என்று கடைசி எழுத்தை இழுப்பார்கள். அந்த இழுவையில் எல்லாம் இருக்கும். எனக்குக் கிடைத்தது பொது இயந்திரவியல். ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு டஜன் வைஸ், அறை முழுக்க இரும்புத்தூள் வாசனை. அதை ஒட்டி ஒரு நீள அறையில் டிராயிங்.

சாருக்கு நாங்கள் வைத்த பெயர் டூ ஹெச். ஆள் ஒல்லி, நிறமும் மங்கல், அழுத்திப் பேசமாட்டார். 2ஹெச் பென்சில் கோடு அப்படித்தான் இருக்கும். முதல் இரண்டு வாரம் அவர் எங்களைப் படமே போடவிடவில்லை. பென்சில் சீவ வைத்தார். ஷார்ப்னர் கூடாது, பாதி பிளேடு. மரத்தைச் சீவி, கரிமுனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விட்டு, அதை உப்புத்தாளில் இரண்டு பக்கமும் தேய்த்து உளி மாதிரி தட்டையாக்க வேண்டும். கோடு இழுக்க அந்த உளிமுனை, எழுத்து எழுத ஊசிமுனை. அப்புறம் டீ-ஸ்கொயர், ஆங்கில T எழுத்து மாதிரி இருக்கும் மரச்சட்டம். பலகையின் இடது விளிம்பில் அதன் தலையை இடது கையால் அழுத்திப் பிடித்தபடி வலது கையால் கோடு. இடது கை ஒரு நூல் தளர்ந்தாலும் கோடு சாயும், அடுத்த கோடு அதைவிடச் சாயும், கடைசியில் ஓரக்கட்டம் போடும்போது தாளே சாய்ந்த மாதிரி தெரியும். டீ-ஸ்கொயருக்குப் பதிலாகப் பலகையில் மாட்டும் மினி டிராஃப்டர் வாங்கும் வசதி வகுப்பில் ஒருவனுக்குத்தான் இருந்தது. அவனும் அதை இரவல் கொடுக்கமாட்டான்.

பிறகு வந்தது எலிவேஷன், பிளான், சைடு வியூ. முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றம் என்று புத்தகத்தில் இருக்கும், வாயில் வருவது எலிவேஷன்தான். எங்களுக்கு ஃபர்ஸ்ட் ஆங்கிள் முறை. மேலிருந்து பார்த்ததைக் கீழே போட வேண்டும், இடது பக்கமிருந்து பார்த்ததை வலது பக்கம் போட வேண்டும். ஏன் சார் இப்படித் தலைகீழாக என்று வகுப்பே கேட்டது. அவர் ஒரு டஸ்டரை எடுத்துச் சுவருக்கு முன்னால் பிடித்தார். "நீ இந்தப் பக்கம் நிக்கிறே. பொருள் நடுவுல. உன் பார்வை பொருளைத் தாண்டிப் போய் எங்கே விழும்?" சுவரில். இடது பக்கம் நின்றால் வலது சுவரில். மேலே நின்றால் தரையில். அந்தச் சுவர்களை மடக்கித் தட்டையாக விரித்தால் அதுதான் தாள். அதற்குப் பிறகு அந்த விஷயத்தில் எனக்குக் குழப்பமே வந்ததில்லை. அமெரிக்காக்காரர்கள் தேர்டு ஆங்கிள், அதில் பிளான் மேலே உட்காரும். வெளிநாட்டு ஆர்டர் வரும்போது இன்றைக்கும் நான் முதலில் தேடுவது எந்த முறை என்று சொல்ல மூலையில் போட்டிருக்கும் அந்தத் தலைவெட்டிய கூம்புக் குறியைத்தான். அதைப் பார்க்காமல் படத்தைப் பார்ப்பது, தேதி பார்க்காமல் காலண்டர் கிழிப்பது மாதிரி.

சார் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். "இந்தத் தாள் எவன் கைக்குப் போகுதோ, அவன் உன்னைக் கேட்க முடியாதுன்னு நினைச்சு வரை." பட்டறையில் ராத்திரி ஷிஃப்டில் ஒருவன் படத்தை விரித்து வைத்துக்கொண்டு நிற்கிறான். நீ வீட்டில் தூங்குகிறாய். அவனுக்குச் சந்தேகம் வந்தால் உன்னை எழுப்பமாட்டான், அவன் இஷ்டத்துக்குச் செய்துவிடுவான். காலையில் யாரைத் திட்டுவாய்? நாங்கள் தலையாட்டினோம். தலையாட்டுவதற்கு அப்போது பெரிய பயிற்சி இருந்தது.

சோப்பு

காலாண்டுப் பரீட்சை முடிந்து ஒரு சனிக்கிழமை. சார் ஒரு மஞ்சள் பையில் துணி துவைக்கிற கட்டி சோப்பு வாங்கி வந்திருந்தார், சொந்தக் காசு. நூலால் அறுத்து 60-க்கு 40-க்கு 40 மில்லிமீட்டரில் துண்டு போட்டார். முந்தின வாரம் எங்களை ஆளுக்கு ஒரு பொருளை மனதில் நினைத்துக்கொண்டு வரையச் சொல்லியிருந்தார். அளவு இதே 60, 40, 40-க்குள் அடங்க வேண்டும். பொருளுக்குப் பெயர் எழுதக் கூடாது, யாரிடமும் சொல்லவும் கூடாது. இப்போது அந்தப் படங்களை மாற்றிக் கொடுத்து, படத்தைப் பார்த்துச் சோப்பைச் செதுக்கச் சொன்னார். கத்திக்குப் பதில் அரை பிளேடும் பழைய ஹாக்ஸா பிளேடு துண்டுகளும். அறை முழுக்கத் துவைக்கிற கல்லடி வாசனை.

என் தாள்தான் வகுப்பில் அழகான தாள். இதை நான் சொல்லவில்லை, சாரே எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். நான் நினைத்தது ஒரு படி. சாதாரணப் படி: பின்பாதி 40 உயரம், முன்பாதி 20 உயரம். எலிவேஷன் 60-க்கு 40 செவ்வகம், நடுவில் குறுக்கே ஒரு கோடு. பிளானும் 60-க்கு 40 செவ்வகம், நடுவில் குறுக்கே ஒரு கோடு. இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒன்றின் கீழ் ஒன்று. அம்புக்குறிகள் ஒவ்வொன்றும் அகலத்தைப் போல மூன்று மடங்கு நீளம், எண்கள் எல்லாம் ஒரே உயரம். சைடு வியூ போடவில்லை. சோம்பேறித்தனம் இல்லை, சாரின் பாடம்தான். உருளை மாதிரிப் பொருளுக்கு இரண்டு தோற்றம் போதும், தேவையில்லாத கோடு இழுக்காதே என்று அவரே சொல்லியிருந்தார். அந்த இடத்தில் என் பெயரையும் வகுப்பையும் சாய்வெழுத்தில் பெரிதாக எழுதினேன். கோடு போட்டு, அளந்து, முக்கால் மணி நேரம் எழுதினேன்.

மற்றவர்களின் தாள்கள் ஆளுக்கு ஒன்றாகப் போயின. என் தாளை மட்டும் மூன்று பேருக்குக் கொடுத்தார். மூன்று பேரும் மூன்று மூலை, ஒருவர் வேலையை ஒருவர் பார்க்கக் கூடாது. அழகான தாள் என்பதால் மூன்று பேர் பார்க்கட்டும் என்று நினைக்கிறார் போல, என்று உள்ளுக்குள் ஒரு பூரிப்பு. மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் மூன்று கட்டிகளையும் வாங்கி மேஜையில் வரிசையாக வைத்தார். முதலாவது படி. நான் நினைத்தது அப்படியே. இரண்டாவதில் படி இல்லை, சரிவு இருந்தது. முன்பக்கம் 20 வரை நேராக ஏறி, அங்கிருந்து சாய்வாகப் போய் மேல்தளத்தின் நடுவில் சேர்ந்தது. மூன்றாவது, எங்கள் வகுப்பின் குறும்பன் செய்தது. சரிவு இருக்க வேண்டிய இடத்தை டிபன்பாக்ஸ் ஸ்பூனால் கோரி உள்வாங்கிய வளைவாக்கியிருந்தான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், அவர்களைப் பார்த்து. "சார், இவனுங்க ரெண்டு பேரும் தப்பா செஞ்சிருக்கானுங்க."

சார் ஒன்றும் சொல்லவில்லை. சரிவுக் கட்டியை எடுத்து என் கண் உயரத்துக்கு நேராகப் பிடித்தார். "எலிவேஷன்ல என்ன தெரியுது?" செவ்வகம், நடுவில் ஒரு கோடு. நேர்ச்சுவர் முடிந்து சரிவு தொடங்குகிற விளிம்பு அது. கட்டியைக் கீழே வைத்து, மேலேயிருந்து பார்க்கச் சொன்னார். செவ்வகம், நடுவில் ஒரு கோடு. சரிவு முடிந்து தளம் தொடங்குகிற விளிம்பு. ஸ்கேலை என் கையில் கொடுத்து, "அளந்து பாரு. எந்தக் கோடு பொருந்தலைன்னு சொல்லு" என்றார். அளந்தேன். கோரிய கட்டியையும் அளந்தேன். 20 இருக்க வேண்டிய இடத்தில் 20 இருந்தது, 40 இருக்க வேண்டிய இடத்தில் 40. என் தாளில் இருந்த ஒவ்வொரு கோடும் மூன்று கட்டிகளிலும் இருந்தது. தாளில் தப்பான கோடு என்று ஒன்றுகூட இல்லை. அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. தப்பே செய்யாமல் ஒருவன் எப்படித் தப்பாக முடியும்? "நான் படியைத்தான் சார் நினைச்சேன்" என்றேன். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. "நீ நினைச்சது தாள்ல இல்லையே" என்றார் சார். மூன்று கட்டிகளையும் ஒரு பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். "மூணுமே உன்னுதுதான். எடுத்துட்டுப் போ."

வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மாவுக்கு அதில் படி, சரிவு, வளைவு எதுவும் தெரியவில்லை. திங்கட்கிழமை யூனிஃபார்ம் துவைக்க ஒன்றை எடுத்தாள். வாரக் கடைசிக்குள் மூன்றும் ஒரே வடிவத்துக்கு வந்துவிட்டன.

எழுதாமல் விட்டது

சைடு வியூ ஒன்று போட்டிருந்தால் கதை முடிந்திருக்கும், அது எல்லோருக்கும் புரிகிறது. எனக்கு உறைக்க நாளான விஷயம் வேறு. என் தாளைப் பார்க்கும்போது எனக்கு அதில் படி *தெரிந்தது*. கோடு கோடாகத் தெரியவில்லை, முழுப் படியாக எழுந்து நின்றது. பொருளை முதலில் மனதில் பார்த்துவிட்டவனுக்கு அது இல்லாத மாதிரி தாளைப் பார்க்க முடிவதில்லை. டிராயிங் என்றால் கைநேர்த்தி என்று நினைத்தேன். கைநேர்த்தி ஒரு பங்குதான், அது உப்புத்தாளும் இரண்டு வாரமும் இருந்தால் யாருக்கும் வரும். மீதி, தனக்குத் தெரிந்ததைத் தெரியாததாக வைத்துக்கொண்டு தன் தாளையே அந்நியன் மாதிரி பார்ப்பது. அது இன்னும் எனக்கு முழுசாக வரவில்லை. சமையலறையில் நிற்கும் கூடே சாட்சி.

இந்தப் படிப்புக்கே அடிப்படை போட்ட கஸ்பார் மோங்கே என்ற பிரெஞ்சுக்காரரைப் பற்றிப் பாலிடெக்னிக்கில்தான் படித்தேன். (தொழிற்கல்வி முடித்தால் டிப்ளமாவில் நேரே இரண்டாம் வருஷம். அந்த இழுவைக்குக் கிடைத்த ஒரே வட்டி.) மெசியேர் ராணுவப் பள்ளியில் இளைஞனாக வேலை பார்த்தபோது, எதிரியின் குண்டு விழாதபடி கோட்டை மதிலை எங்கே, எவ்வளவு உயரத்தில் எழுப்புவது என்ற கணக்கைக் கொடுத்தார்கள். மற்றவர்கள் எண்களோடு நாள்கணக்கில் மல்லுக்கட்டும் கணக்கு அது. இவர் இரண்டு தளங்களில் படம் போட்டுச் சீக்கிரமே முடித்துவிட்டார். இவ்வளவு வேகமாக முடிந்தது சரியாக இருக்காது என்று மேலதிகாரி முதலில் பார்க்கவே மறுத்தாராம். பார்த்த பிறகு அதை ராணுவ ரகசியமாக்கிப் பூட்டிவைத்தார்கள். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு, 1795-ல்தான் மோங்கே அதைப் பாரிஸில் வெளிப்படையாகப் பாடம் எடுத்தார். 1799-ல் புத்தகமாக வந்தது. ஒரு தேசம் ஒளித்துவைத்த வித்தையை எங்கள் ஊரில் மார்க் குறைந்த பையன்களுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும், கொஞ்சம் கோபமும் வரும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பேட்டர்ன் செக்‌ஷனில் ஒரு பெரியவர் இருந்தார். மரத்தில் அச்சு செய்கிறவர். அவர் ஸ்கேலை எடுத்து எதையோ அளக்கப் போனேன், கையைப் பிடித்துவிட்டார். "தம்பி, இது நம்ம ஸ்கேல். நீ அளந்தா பொய் சொல்லும்." வார்ப்பிரும்பு உருகி ஊற்றி ஆறும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும். அதனால் அச்சு செய்கிறவரின் ஸ்கேலில் ஒவ்வொரு சென்டிமீட்டரும் அந்த அளவுக்கு நீளம் கூட. அவரிடம் எந்தப் படத்தைக் கொடுத்தாலும் முதல் கேள்வி, "இது காஸ்டிங் சைஸா, ஃபினிஷ் சைஸா?" லேத்தில் கடைந்து எடுப்பதற்கு வைக்கிற சதையையும் சேர்த்த அளவா, சேர்க்காத அளவா என்று அர்த்தம். டிராயிங் ஆபீஸில் இருந்தவர்களுக்கு எரிச்சல் வரும். படத்திலேயே எழுதியிருக்கிறதே, பார்க்கக்கூடாதா என்பார்கள். அவர் பார்த்துவிட்டுத்தான் கேட்பார். எழுதியதை நம்பி அச்சு செய்து, எழுதினவன் நினைத்தது வேறாக இருந்த அனுபவம் அவருக்கு நிறைய.

இப்போது எங்கள் கம்பெனியில் பலகையும் இல்லை, டீ-ஸ்கொயரும் இல்லை. கம்ப்யூட்டரில் பொருளையே உருவாக்கிவிடுகிறார்கள், எலிவேஷனும் பிளானும் சைடு வியூவும் தானாக விழுகின்றன. என் சோப்புத் தப்பை இன்றைக்குச் செய்ய நினைத்தாலும் அவ்வளவு சுலபமில்லை. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. கையால் வரைந்தால்தான் அறிவு வளரும் என்று பேசுகிற என் வயதுக்காரர்களோடு எனக்கு ஒத்துவருவதில்லை. முடிகிற நேரத்தில் படத்தில் விழுந்த ஒரு மைத்துளி எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றிருக்கிறது. ஆனால் புதிதாக வரும் பிள்ளைகளிடம் ஒன்று கவனிக்கிறேன். பொருள் திரையில் சுழல்கிறது, எல்லாப் பக்கமும் தெரிகிறது, அதனால் எல்லாம் சொல்லியாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். எந்த முகத்தைக் கடைய வேண்டும், எதை வார்த்தபடியே விட வேண்டும் என்பது சுழற்றினால் தெரிவதில்லை. அதை ஒருவன் உட்கார்ந்து எழுத வேண்டும். போன வாரம்கூட ஒரு பையனிடம் இதைச் சொன்னேன். "சார், பார்த்தாலே தெரியுதே" என்றான். யாருக்கு என்று கேட்க வாயெடுத்து, வீட்டில் நிற்கும் கூடு ஞாபகம் வந்து பேசாமல் இருந்துவிட்டேன்.

என் பள்ளியில் அந்தப் பிரிவு இப்போது இல்லை. சார் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை, கொஞ்ச நாளில் பிரிவையே எடுத்துவிட்டார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வேலையாகப் போனபோது அந்த நீள அறையை எட்டிப் பார்த்தேன். உடைந்த பெஞ்சுகள் கூரை வரை அடுக்கியிருந்தன.

சரி, கூட்டுக்கு வருகிறேன். தூக்கம் வராத அந்த ராத்திரி எழுந்து உட்கார்ந்து ஒழுங்காக வரைந்தேன். 2ஹெச் வீட்டில் இல்லை, மகளின் ஹெச்பி. மூன்று தோற்றம், பிளைவுட்டின் கனம், உள்ளளவு 620 மில்லிமீட்டர் என்று தனியாக, பின்பலகைக்கும் சுவருக்கும் நடுவே காற்றுப் போக இடம், பிளக் பாயிண்ட்டுக்கு வெட்ட வேண்டிய ஓட்டை, தெரியாத விளிம்புக்கெல்லாம் புள்ளிக்கோடு. கீழே வலது மூலையில் கட்டம் போட்டுத் தேதி. ஆசாரியைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுத் தாளைக் கொடுத்தேன். அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் பார்த்தார். நல்லாயிருக்குங்க என்றார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு ரீப்பர் துண்டை எடுத்து ஃபிரிட்ஜின் மேல் குறுக்கே பிடித்து, காதிலிருந்த பென்சிலால் அதில் இரண்டு கோடு கிழித்தார். பிறகு ஃபிரிட்ஜைச் சுற்றி வந்தார், கதவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"ஏனுங்க, கதவு தொண்ணூறு டிகிரிக்கு மேல திறந்தாத்தான் இந்தக் கீழ்ப்பெட்டி வெளிய வருதுங்க. கூட்டுக்குள்ள எவ்வளவு தள்ளி வைக்கறதுன்னு இதுல போட்டிருக்கீங்களா?"

போடவில்லை.